வயதானால் திட்டம் போடும் திறமை குறையுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் மறதியைத்தான் பிடித்துக்கொள்கிறோம். சாவியை எங்கே வைத்தார், பேரன் பெயரை ஏன் மாற்றிக் கூப்பிட்டார் என்று. வீட்டை அதைவிட அதிகம் குழப்புவது இன்னொன்று: தோப்பு, மாடு, மூன்று பிள்ளைகள் கல்யாணம் எல்லாவற்றையும் மனக்கணக்கிலேயே நடத்திய மனிதர், இன்றைக்கு நாலு வேலையை எந்த வரிசையில் செய்வது என்று திணறுகிறார். அதைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள். நான் டாக்டர் இல்லை. பெரியவர்கள் இருக்கும் வீடுகளோடு பழகி, இந்த விஷயத்தைத் தேடிப் படித்து வருபவன். மாத்திரையை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான்.

திட்டமிடுதல் என்று எதைச் சொல்கிறீர்கள்? பெரிய பெரிய யோசனையா?

ஒரு நாள் டவுன் வேலையே போதும். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் காலை பஸ்ஸில் தர்மபுரி வருகிறார். பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும், அதற்கு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், சுகர் மாத்திரை வாங்க வேண்டும், மாட்டுத் தீவனம் ஒரு மூட்டை, மகள் வீட்டுக்குக் கொஞ்சம் பூ. ஜெராக்ஸ் இல்லாமல் பாங்குக்குப் போனால் இரட்டை நடை. தீவனத்தை முதலில் வாங்கினால் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். பூவை முதலில் வாங்கினால் வாடிவிடும். நாலு ரோட்டில் பழைய கூட்டாளி டீ குடிக்கக் கூப்பிடுவார்; உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். பாங்கில் "சர்வர் இல்லை, மத்தியானம் வாங்க" என்பார்கள். உடனே முழு வரிசையையும் மாற்றிப் போட வேண்டும், ஊருக்குப் போகும் பஸ் நேரத்தையும் விடாமல்.

வேலைகளை மனசில் தாங்கி நிற்பது, வரிசைப்படுத்துவது, கவனத்தை இழுப்பதைத் தள்ளிவிடுவது, நிலைமை மாறினால் தானும் மாறுவது. இந்த நாலும் சேர்ந்தால்தான் திட்டமிடுதல். 1991-இல் டிம் ஷாலிஸ், பால் பர்ஜஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் ஏறக்குறைய இதையே பரிசோதனையாக வைத்தார்கள். மூளையின் முன்பகுதியில் அடிபட்ட மூன்று பேரிடம் சில சாமான்களையும் சில விதிகளையும் சொல்லிக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். மேசையில் உட்கார்த்தி வைத்த அறிவுச் சோதனைகளில் நன்றாகவே செய்தவர்கள், தெருவில் இறங்கியதும் தடுமாறினார்கள். "பேச்சில் தெளிவாத்தான் இருக்கார், வேலையில்தான் கோட்டை விடறார்" என்று வீட்டில் சொல்வோமே, அது சாத்தியம்தான்.

எந்த வயதில் குறைய ஆரம்பிக்கும்?

எல்லாம் ஒரே நாளில், ஒரே வேகத்தில் குறைவதில்லை. யோசிக்கும் வேகம் முப்பதுகளிலிருந்தே மெல்ல இறங்குகிறது, யாரும் கவனிப்பதில்லை. சொல்வளமும் உலக ஞானமும் அறுபது வரை ஏறிக்கொண்டேகூடப் போகும். புதிதாக ஒன்றைப் பல படிகளாக யோசித்துச் செய்யும் திறன் அறுபதைத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலோருக்கு வெளியே தெரியும்படி குறைகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் வார்னர் ஷாய் 1956-இல் தொடங்கி, அதே ஆட்களைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார். இளைஞரையும் முதியவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரிகிற அளவுக்கு, ஒரே ஆளின் வாழ்க்கையில் சரிவு இல்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த முக்கியமான விஷயம்.

நம் ஊருக்கு இது ரொம்பப் பொருந்தும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத எண்பது வயது ஆயாவையும், ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் இன்ஜினியர் பேரனையும் பேப்பர், பென்சில் சோதனையில் ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் முழுவதையும் வயதின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதிதான் இந்த வேலைக்கெல்லாம் மேஸ்திரி. இருபது வயதைத் தாண்டித்தான் அது முழுதாக வளர்ந்து முடிகிறது. வயதாகும்போது சீக்கிரம் சுருங்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அங்கிருந்து மற்றப் பகுதிகளுக்குப் போகும் நரம்பிழைகளின் மேலுறையும் தேய்கிறது, சேதி போய்ச் சேரத் தாமதமாகிறது. டோபமின் என்ற வேதிப்பொருளும் குறைகிறது.

ஆனால் மூளை சும்மா கைகட்டி நிற்பதில்லை. இளம் வயதில் ஒரு பக்கத்தை மட்டும் வைத்து முடிக்கும் வேலைக்கு, முதியவர் பலர் இரண்டு பக்க முன்பகுதியையும் இழுத்துப் பயன்படுத்துவது ஸ்கேன் ஆராய்ச்சிகளில் தெரிகிறது. வேலை முடிகிறது; ஆனால் களைப்பு சீக்கிரம் வருகிறது.

எங்க அப்பா மாந்தோப்புக் கணக்கில் இன்னும் புலி. செல்போனில் ஒரு விண்ணப்பம் போடச் சொன்னால் மட்டும் கத்துகிறார். வேணும்னே செய்கிறாரா?

இல்லை. இரண்டும் மூளைக்கு வெவ்வேறு வேலை.

தை மாதத்தில் அவர் தோப்புக்குள் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். பூங்கொத்தை ஒரு விரலால் தட்டுகிறார்; தத்துப்பூச்சி எவ்வளவு பறக்கிறது என்று பார்க்கிறார். இலையில் பிசுபிசுப்பு இருக்கிறதா, பூவில் சாம்பல் படிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். பனி இன்னும் எத்தனை நாள் இருக்கும், எந்தப் பக்கத்து மரத்துக்கு முதலில் மருந்து அடிக்கணும், பெங்களூரா ரக மாங்காயைக் கூழ் ஆலைக்கு விடுவதா, பூவிலேயே குத்தகைக்குக் கொடுத்துவிடுவதா என்பதை வரப்பு தாண்டுவதற்குள் முடிவு செய்துவிடுகிறார். முழுக்க முழுக்கத் திட்டமிடுதல்தான் இது, அதுவும் கஷ்டமான திட்டமிடுதல். ஆனால் ஒவ்வொரு துண்டும் நாற்பது வருஷமாகச் சேர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி மொத்தமாகக் கிடக்கிறது. அதை எடுத்து வைக்க அவருக்கு மனசில் அதிக இடம் தேவைப்படுவதில்லை. இப்படிச் சேர்ந்த அறிவை, புதிதாய் எதிரே வரும் சிக்கலை அவிழ்க்கும் திறனிலிருந்து ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டினார். முன்னது வயதோடு நிலைத்து நிற்கும், பின்னது தேயும்.

விண்ணப்பத்தில் நடப்பதைப் பாருங்கள். திரை புதிது, வரிசை புதிது. ஓடிபி வந்து மறைவதற்குள் மனசில் வைத்துக்கொண்டு இன்னொரு திரைக்குப் போக வேண்டும், நேரம் ஓடுகிறது, ஒரு தப்பு நடந்தால் முதலிலிருந்து. வயதோடு குறைகிற வேகம், தற்காலிக நினைவு, மாறிக்கொள்ளும் திறன் மூன்றையும் ஒரே நேரத்தில் பிடித்து உலுக்குகிறது. போதாததற்குப் பக்கத்தில் நின்று "இது கூடத் தெரியலையா" என்று நாம் வேறு. கத்தாமல் என்ன செய்வார்?

ஆதார், பட்டா நம்பர், பாங்கு கணக்கு எல்லாவற்றையும் முதலிலேயே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு திரை. பட்டனை அவரே அழுத்தட்டும். இரண்டாம் முறை வித்தியாசம் தெரியும்.

மாமியார் முன்பு ஐம்பது பேருக்குத் தனியாகச் சமைப்பார். இப்போது பத்துப் பேர் என்றாலே பதறுகிறார்.

சமையல் என்பதே நேரக் கணக்குத்தான். 2006-இல் கனடாவில் ஃபெர்கஸ் கிரெய்க்கும் எலன் பியாலிஸ்டோக்கும் ஒரு கணினி விளையாட்டு வைத்தார்கள்: வேகும் நேரம் வேறு வேறான ஐந்து உணவுகள், எல்லாம் ஒன்றாக இறங்க வேண்டும், நடுவில் சாப்பாட்டு மேசையும் போட வேண்டும். முதியவர்களுக்கு அது இளைஞர்களைவிடக் கஷ்டமாக இருந்தது. மேசையில் மூழ்கினால் அடுப்பை விட்டார்கள், அடுப்பையே பார்த்தால் மேசை நின்றது.

ஆனால் உங்கள் மாமியாரை அவர் அடுப்படியில் பாருங்கள். உலையில் நொய் வேகும்போதே அவரைக்கொட்டைக் குழம்புக்குப் புளி ஊறிவிடுகிறது. ராகி மாவைக் கொட்டி மூடிவைத்து, அது வேகும் நேரத்துக்குள் கீரையைக் கடைந்துவிடுகிறார். களி கிண்டி உருண்டை பிடிக்கும்போது குழம்பு சரியாகக் கொதித்து நிற்கிறது. அங்கே கடிகாரமே இல்லை. அதே அம்மாவை ஓசூர் ஃபிளாட்டில், தெரியாத இண்டக்‌ஷன் அடுப்பில், "ரெண்டு பேருக்குக் காரம் வேண்டாம், குழந்தைக்கு முதலில்" என்று சொல்லி நிறுத்தினால் பதறத்தான் செய்வார். முந்தின நாளே காய் நறுக்கி, வேலையைப் பிரித்து, "அடுத்து என்னம்மா" என்று கேட்க ஒரு ஆள் பக்கத்தில் நின்றால் பாதி பதற்றம் போய்விடும். அவர் சொல்லட்டும், மற்றவர்கள் செய்யட்டும்.

மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறார், செவ்வாய்க்கிழமை கோயிலை மறப்பதில்லை. நான் சொன்ன வேலையை மட்டும் மறந்துவிடுகிறார். எப்படி?

பின்னால் செய்ய வேண்டியதை நினைவில் வைப்பதில் ஒரு வேடிக்கையை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் முதியவர்கள் இளைஞர்களிடம் தோற்கிறார்கள்; சொந்த வாழ்க்கையில் "இத்தனை மணிக்கு போன் பண்ணுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் இளைஞர்களை ஜெயிக்கிறார்கள். அன்றாட ஒழுங்கு கைகொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். மாத்திரை சாப்பாட்டோடு கட்டப்பட்டிருக்கிறது, கோயில் கிழமையோடு. நீங்கள் சொன்ன வேலை எதோடும் கட்டப்படவில்லை. "மூணு மணிக்கு மோட்டாரை நிறுத்துங்க" என்பதைவிட "பள்ளிக்கூட வேன் வந்ததும் நிறுத்துங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

காலையில் தெளிவாக இருக்கிறார், சாயந்திரம் தடுமாறுகிறார்.

முதியவர்கள் பலருக்கு யோசனை காலையில்தான் கூர்மை. கணக்கு, கையெழுத்து, டாக்டர், பஞ்சாயத்து எல்லாவற்றையும் முற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பொழுது சாய்ந்ததும் இடமே தெரியாமல் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பினால் அது வேறு. டாக்டரிடம் சொல்ல வேண்டியது.

எது வயதுக்கு உள்ளது, எது நோய்?

பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடாதீர்கள். அவரையே அவரோடு ஒப்பிடுங்கள்: போன வருஷம் செய்ததை இந்த வருஷம் செய்ய முடிகிறதா?

மெதுவாகச் செய்கிறார், ஒரு நேரத்தில் ஒன்றுதான் செய்கிறார், சீட்டு எழுதி வைத்துக்கொள்கிறார், ஆனால் வேலை முடிகிறது என்றால் பெரும்பாலும் வயதுதான். இருபது வருஷமாகப் பால் சொசைட்டியில் கணக்கு வாங்குகிறவர் திடீரென்று வாரக் கணக்கே புரியாமல் நிற்கிறார். களியில் இரண்டு தடவை உப்பு போடுகிறார், போட்டதே தெரியவில்லை. கரண்ட் பில், கடன் தவணை எல்லாம் மாதக்கணக்கில் கட்டாமல் கிடக்கிறது. பழகிய வழியில் திரும்ப வேண்டிய இடம் தெரியவில்லை. இவை வயதின் கணக்கில் வராது.

எது முதலில் கெடுகிறது என்பதும் டாக்டருக்கு ஒரு துப்பு. அல்சைமரில் பெரும்பாலும் அண்மை நினைவு முதலில் போகும். மூளையின் சின்ன ரத்தக் குழாய்கள் கெட்டால் நினைவு ஓரளவு நிற்கும், திட்டமிடலும் வேகமும் முதலில் அடிபடும். சுகரும் பிரஷரும் இருக்கும் வீடுகளில் இதை மறக்கக் கூடாது. பார்க்கின்சன் நோயிலும் திட்டமிடுதல் சீக்கிரம் பாதிக்கப்படலாம். ஐம்பதுகளிலேயே ஒருவரின் குணம் மாறி, கூச்சம் போய், கண்டபடி செலவு செய்தால், முன்பகுதியைத் தாக்கும் இன்னொரு வகை டிமென்ஷியாவையும் (மூளைத் திறன்கள் தேயும் நோய்) பார்க்க வேண்டும். "திமிர் பிடிச்சுப் போச்சு" என்று ஊர் சொல்லும், விடுங்கள்.

2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா, ஏறக்குறைய 88 லட்சம் பேர். அப்படியானால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

நேற்று வரை நன்றாக இருந்தார், இன்று காலையிலிருந்து குழப்பம்.

இந்தப் பக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்ட்ரோக், சுகர் இறங்குவது, உடம்பில் சோடியம் குறைவது, சிறுநீரில் கிருமி, நுரையீரலில் சளி எதுவாகவும் இருக்கலாம். சில வாரம் முன்பு தலையில் அடிபட விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மூளை மேல் மெதுவாக ரத்தம் கசிந்திருக்கலாம்.

திரும்பச் சரியாகக் கூடிய காரணங்கள் உண்டா?

உண்டு. அதனால்தான் "வயசாச்சு, அப்படித்தான்" என்ற வார்த்தை எனக்குப் பிடிப்பதில்லை. பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு இரண்டையும் சாதாரண ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். தூக்க மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகள், சிறுநீர் அடங்கக் கொடுக்கும் சில மாத்திரைகள் யோசனையை மந்தமாக்கும். மூன்று டாக்டர், நாலு சீட்டு என்று இருந்தால் எல்லா அட்டையையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள்.

காதும் கண்ணும் இதே கணக்கில் வரும். பாதிதான் காதில் விழுகிறது என்றால், மீதியை ஊகிப்பதிலேயே மூளையின் சக்தி செலவாகிறது. திட்டம் போட என்ன மிஞ்சும்? கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போடும் வீடுகள் இங்கே நிறைய.

எனக்கு 71. என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது. ஆரம்பிக்கத்தான் மனம் எழவில்லை. சோம்பலா?

ஐயா, வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்கு 71 வயதில் புதிதாகச் சோம்பல் வந்துவிடாது. மனச்சோர்வு முதியவர்களிடம் அழுகையாக வருவதைவிட இப்படி வருவது அதிகம்: தூக்கம் கெடும், சாப்பாடு ருசிக்காது, எதிலும் கை போகாது. துணையை இழந்த பிறகு இது அடிக்கடி நடக்கிறது. மருந்தும் பேச்சும் இதற்கு வேலை செய்கின்றன. மனச்சோர்வு இல்லாமல் வெறும் ஊக்கமின்மை மட்டும் வந்தாலும் காரணம் பார்க்க வேண்டியதுதான். டாக்டரிடம் "உடம்பு வலி" என்று முடித்துக்கொள்ளாமல் இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள்.

சுகர், பிரஷருக்கும் யோசனைக்கும் என்ன சம்பந்தம்?

மூளைக்குள் போகும் மயிரிழைக் குழாய்களை இரண்டும் அரிக்கின்றன. முன்பகுதியின் இணைப்புகள் அதில் சீக்கிரம் அடிபடும். 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிரஷரின் மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைபாடு வருவது குறைந்தது. அந்த ஆய்வில் சுகர் நோயாளிகளைச் சேர்க்கவில்லை; உங்களுக்கு எந்த எண் சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்காமல் போட்டுக்கொண்டால் போதும்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், சம்பந்தி வீட்டில் கன்னடம். பல மொழி பேசினால் மூளைக்கு நல்லதாமே?

ஓசூர்க்காரர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள். சுவர்ணா அல்லாடி தலைமையில் ஹைதராபாத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. ஒரு மொழியை அடக்கி இன்னொன்றுக்கு மாறுவதே முன்பகுதிக்குப் பயிற்சி என்கிறார்கள். எல்லா நாட்டு ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எப்படியானாலும், பேரப் பிள்ளைகளிடம் நைனா தெலுங்கில் பேசுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

ஆடுபுலி ஆட்டம், சுடோகு, மூளைப் பயிற்சி ஆப்?

எதைப் பழகுகிறோமோ அதில் தேறுவோம். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,802 பேரை வைத்து நடத்திய ஆய்வில், காரண அறிவுக்கும் வேகத்துக்கும் பத்து வகுப்புப் பயிற்சி பெற்றவர்களிடம் அந்தந்தத் திறனில் பலன் பத்து வருஷம் கழித்தும் தெரிந்தது. நினைவாற்றல் பயிற்சிக்கு அந்த அளவு நீடிக்கவில்லை. காசு கொடுத்து ஆப் வாங்குவதைவிடத் திண்ணையில் மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து விளையாடுவதை நான் ஆதரிப்பேன். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், அதுவே பாதி மருந்து. தினமும் வேகமாக நடப்பதற்கு இதையெல்லாம்விடச் சான்று வலு.

பாவம் கஷ்டப்படுகிறார் என்று எல்லா வேலையையும் நாங்களே எடுத்துக்கொண்டோம். சரிதானே?

அன்பால் செய்கிறீர்கள். ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. பாரத்தை வாங்கிக்கொள்ளலாம், முடிவை வாங்கிக்கொள்ளக் கூடாது. முடிவெடுக்க ஒன்றுமே இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்தவர் சீக்கிரம் சோர்ந்துபோவதை எத்தனையோ வீட்டில் பார்க்கிறோம்.

பால் பால்டெஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதற்கு ஒரு வழி சொன்னார்: குறைத்துத் தேர்ந்தெடு, தேர்ந்ததை மெருகேற்று, குறையை வேறு வழியில் ஈடுகட்டு. அவர் காட்டிய உதாரணம் பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டீன். எண்பது வயதில் அவர் குறைவான உருப்படிகளையே வாசித்தார், அவற்றை அதிகம் பயிற்சி செய்தார், வேகமான இடம் வருவதற்கு முன் கொஞ்சம் மெதுவாக்கி, பின்னால் வருவது வேகமாகக் கேட்கும்படி செய்தார்.

நம் தோட்டத்தில் இதை எப்படிச் செய்வது? தக்காளி தினமும் முடிவு கேட்கிற பயிர். பறிக்கணுமா, ஆள் வருமா, ராயக்கோட்டை மார்க்கெட்டில் இன்று என்ன விலை, வண்டிக்குச் சொல்லியாச்சா என்று ஒரு நாளைக்குப் பத்து முடிவு, எல்லாம் அவசரம். மா, புளி, தென்னை அப்படி அவசரப்படுத்துவதில்லை. தக்காளியை மகன் எடுத்துக்கொண்டு, மரங்களை அப்பா கையில் விட்டுவிடலாம். எப்போது மருந்து அடிக்க வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். கடையில் அளவு கேட்பது, ஆள் பிடிப்பது, டேங்க் கலப்பது உங்களிடம். சமையலறைச் சுவரில் பெரிய காலண்டர் தொங்கட்டும். வட்டிக்காரர், விதைக்காரர், டாக்டர் தேதியை அவர் கையாலேயே குறிக்கட்டும்.

கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். "என்ன செய்யலாம்ப்பா?" என்று மொட்டையாகக் கேட்டால் எல்லா வழியையும் அவர் மனசில் அடுக்க வேண்டும். "பெங்களூராவைக் குத்தகைக்கு விடலாமா, நாமே பறிக்கலாமா?" என்றால் அனுபவம் உடனே பேசும். பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். அதுதான் இதில் ரொம்பக் கஷ்டம்.

பாங்கிலிருந்து, போலீசிலிருந்து என்று போன் வந்து பணத்தை அனுப்பிவிட்டார்.

அவசரப்படுத்தி, பயமுறுத்தி, யாரிடமும் சொல்லாதே என்பது அந்தக் கும்பலின் வழக்கம். நின்று யோசிக்கும் சக்கரத்தை அது முடக்குகிறது. படித்த முப்பது வயதுக்காரர்களே விழுகிறார்கள், திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு. இனிமேலுக்கு ஒரே ஒரு விதி: பணம் பற்றி எந்த போன் வந்தாலும் வைத்துவிட்டு மகளைக் கூப்பிடுவது.

அப்பாவிடம் இப்போதே பவர் (அவர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிவிட்டால் பிற்பாடு பிரச்சினை இருக்காதே?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நம் நாட்டு ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவரின் மனநிலை பாதிக்கப்பட்டால் பவர் செல்லாமல் போகும். எந்த நாளைக்காக வாங்கினீர்களோ அந்த நாளில்தான் அது உதவாது. உயிலைத் தெளிவாக இருக்கும்போதே இரண்டு சாட்சிகளோடு எழுதிவிடுவது நல்லது.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: தான செட்டில்மெண்ட் எழுதுவதானால், "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்காவிட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

எங்கே காட்டுவது?

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலில் பொது மருத்துவம், அங்கிருந்து தேவைப்பட்டால் மனநலம் அல்லது நரம்பியல். மேல் பரிசோதனை வேண்டுமென்றால் மனநலம், நரம்பியலுக்கான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை நமக்குச் சென்னையைவிடப் பக்கம். எப்போது தொடங்கியது, எந்த வேலை நின்றுபோனது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட இருந்து பார்க்கிற ஆள் போக வேண்டும், கார் வைத்திருக்கிற ஆள் அல்ல. படிக்காதவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற பரிசோதனை செய்வார்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுவதை நிறுத்தச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்.

வண்டி போனால் அவர் டீக்கடை, தோப்பு, சொசைட்டி எல்லாம் போகிறது. சண்டை வராமல் இருக்குமா? ஒரேயடியாக நிறுத்துவதற்கு முன் எங்கே ஆபத்து என்று பாருங்கள். வயதானவர்களுக்கு மிகவும் கஷ்டமானது வலது பக்கம் திரும்பிச் சாலையைக் கடப்பது. எதிரே வரும் லாரியின் வேகம், இடைவெளி, தன் வண்டியின் வேகம் மூன்றையும் ஒரே நொடியில் கணக்குப் போட வேண்டும். அதனால் நான்கு வழிச் சாலைப் பக்கமே வேண்டாம், இருட்டிய பிறகு வேண்டாம், ஊருக்குள்ளும் தோப்புக்கும் மட்டும் என்று பேசி முடிக்கலாம். பின்னால் உட்கார்ந்து நீங்களே ஒரு முறை போய்ப் பாருங்கள். திருப்பத்தில் தாமதம், சிக்னலைப் பார்க்காமல் போவது, தெரிந்த வழியில் தயங்குவது எதையாவது கண்டால் அன்றே சாவியை வாங்குங்கள். 55 வயதுக்கு மேல் உரிமம் 5 வருஷத்துக்குத்தான் புதுப்பிக்கிறார்கள், டாக்டர் சான்றிதழும் கேட்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்காதவர் டாக்டர் சொன்னால் கேட்கலாம். சாவியை வாங்குகிற அன்றைக்கே, சொசைட்டிக்கும் டீக்கடைக்கும் அவரை யார், எத்தனை மணிக்கு அழைத்துப் போவது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.